வீட்டு லேப்டாப்பில் பயணத் திட்டம்: வெளியே வந்தால் ஏன் திறக்கவில்லை?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். பெரியவர்களை அழைத்துக்கொண்டு ஆறுபடை வீடு போகத் திட்டம். ரயில் டிக்கெட், ரூம் ரசீது, நாள்வாரிப் பட்டியல் எல்லாம் பழைய லேப்டாப்பில், டாக்கரில் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) ஓடும் அட்வெஞ்சர்லாக் என்ற பயணப் பதிவுச் செயலியில் இருக்கின்றன. வீட்டு வைஃபையில் திறக்கிறது, வெளியே திறக்கவில்லை. ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் ஐபி (WAN IP, இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தரும் முகவரி) எண்ணைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது. சிஜிநாட் என்பார்கள். அபார்ட்மென்ட் கேட் பூட்டியிருக்கும்போது உங்கள் வீட்டுக் கதவை மட்டும் திறந்து வைத்து என்ன பயன்? அந்தப் போர்ட்டை மூடிவிடுங்கள்.

லேப்டாப்பிலும் போனிலும் டெயில்ஸ்கேல் (உங்கள் கருவிகளை மட்டும் தனி வலையாக இணைக்கும் செயலி) நிறுவி, ஒரே கணக்கில் நுழையுங்கள். இரண்டுமே உள்ளிருந்து வெளியே இணைவதால் சிஜிநாட் குறுக்கே வராது.

பலர் மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான். டெயில்ஸ்கேல் லேப்டாப்புக்குத் தரும் புது முகவரியில் முகப்பு வரும். லாகின் கொடுத்தால் 403 (அனுமதி மறுப்பு) வரும். கடவுச்சொல் தப்போ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அட்வெஞ்சர்லாகின் என்வ் (.env) என்ற அமைப்புக் கோப்பில் பழைய 192.168 முகவரி உள்ள வரிகளை, குறிப்பாக எந்த முகவரியை நம்பலாம் என்று சொல்லும் ஆரிஜின் (ORIGIN), சிஎஸ்ஆர்எஃப் (CSRF) வரிகளை, டெயில்ஸ்கேல் முகவரிக்கு மாற்றுங்கள். 8015, 8016 என்ற போர்ட் எண்கள் அப்படியே இருக்கட்டும். சர்வர் 8000 (server:8000) என்று ஒரு உள்முகவரி இருக்கும், அதைத் தொடாதீர்கள். மாற்றியபின் டாக்கர் கம்போஸ் ரீஸ்டார்ட் போதாது, அது பழைய மதிப்புகளோடுதான் எழும். கம்போஸ் அப் கொடுத்தால்தான் கன்டெய்னர் (செயலி ஓடும் டாக்கர் பெட்டி) புதிதாக உருவாகும். இனி வீட்டிலும் இதே முகவரிதான்.

அந்தக் கோப்பிலேயே போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். முதல் முறை தரவுத்தளம் உருவாகும்போது மட்டுமே அது படிக்கப்படும். பிறகு மாற்றினால் செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் ஒத்துப்போகாது. அதைச் சரிசெய்ய கம்போஸ் 'டவுன்' கட்டளையோடு 'வி' (-v) சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். அது தரவு சேமித்திருக்கும் வால்யூமையே அழித்துவிடும், திட்டம் மொத்தமும் போய்விடும். கை வைக்குமுன் பிஜி டம்ப் (pg_dump, தரவுத்தளத்தின் நகல்) எடுத்து, படங்கள் உள்ள மீடியா வால்யூமையும் பென்டிரைவில் நகலெடுங்கள். டம்ப்பில் படங்கள் வராது.

தனியுரிமை பற்றி ஒன்று. சேமிப்பது உங்கள் வீட்டில்தான்; ஆனால் வரைபடத் துண்டுகளும் இடத் தேடலும் வெளி சர்வரிலிருந்தே வருகின்றன. 'சுவாமிமலை' என்று தேடினால் அந்தச் சொல் வெளியே போகும். ஆதார் நகலை இதில் ஏற்றத் தேவையே இல்லை.

கரன்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் தாங்கும், ரவுட்டர் தாங்காது. ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியருக்கு ஏற்ற மினி யுபிஎஸ் போடுங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் ஒன்று. மூடியை மூடினால் லேப்டாப் தூங்காதபடி அமைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் சார்ஜரிலேயே கிடந்தால் பேட்டரி உப்பக்கூடும். பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது வரும் அமைப்புப் பக்கம்) வசதி இருந்தால் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

கிளம்ப ஒரு வாரம் முன்பு மெயின் ஸ்விட்சை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டு, தெருமுனைக்குப் போய் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். டிக்கெட்டுகளின் பிடிஎஃப் மட்டும் எப்படியும் போனிலேயே இருக்கட்டும்.