மணியின் முனையைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

தென்னாப்பிரிக்காவின் வட எல்லையில் லிம்போப்போ ஆறும் ஷாஷே ஆறும் கூடும் இடத்துக்கு அருகே, ஏறத்தாழ 1220 முதல் 1290 வரை அரசர் வாழ்ந்த குன்று மாப்புங்குப்வே. அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகள் அருகிலிருந்த கே2 தான் பெரிய ஊர். இவ்விரண்டு இடங்களின் மண்ணிலிருந்து வந்த மணி, காப்பு, வளையம் பற்றிய கேள்விகள் இந்த இதழில்.

மாப்புங்குப்வேயில் கிடைத்த கண்ணாடி மணிகள் எல்லாம் இந்தியாவிலிருந்து வந்தவைதானா? எதை வைத்துச் சொல்கிறார்கள்?
– வாசகர், சாட்ஸ்வர்த்

எல்லாம் அல்ல. நிறத்தை வைத்துச் சொல்லவும் முடியாது. மணி எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். துளை ஓடும் திசையிலேயே கோடுகளும் நீண்ட காற்றுக் குமிழிகளும் ஓடினால் அது இழுத்த மணி. துளையைச் சுற்றி ஓடினால் கம்பியில் சுற்றிய மணி. இங்கே கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இழுத்தவை.

இழுத்த மணி நம் பக்கத்துத் தொழில். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு அதற்குப் பேர்போன பழைய ஊர். ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக் காலம் வரை அதே முறையில் செய்தார்கள். உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் கூம்பாகத் திரட்டி, நடுவில் பொள்ளல் விழச் செய்து, கூம்பின் முனையைக் கொக்கியால் பற்றி இழுத்துக்கொண்டே போவார்கள். மெல்லிய கண்ணாடிக் குழல் வரும். அதை உளியின் கூரில் வைத்துப் பொடித் துண்டுகளாக நறுக்கி, சாம்பலோடு சட்டியில் போட்டுச் சூடேற்றிக் கிளற வேண்டும். வெட்டிய முனை மழுங்கி மணி உருளும். சாம்பல் துளைக்குள் புகுந்துகொள்வதால் துளை தூராது, ஒன்றோடொன்று ஒட்டவும் ஒட்டாது. சூடு பற்றாவிட்டால் முனை கூராகவே நின்று நூலை அறுக்கும். பிறகு சல்லடையில் அளவு பிரிப்பார்கள்.

காலத்தைப் பிரிக்க உதவுவதும் அந்த முனையே. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தப் பகுதிக்கு வந்த, ஷிஸோ எனப்படும் வகை மணிகள் நறுக்கியபடியே விட்ட குழல் துண்டுகள். செடிச்சாம்பல் சேர்த்த கண்ணாடி, மேற்கு ஆசியப் பக்கத்துச் சரக்கு. சுமார் 980க்குப் பிறகு கே2வில் முனை மழுங்கிய சிறு மணிகள் வருகின்றன, நீலப்பச்சையே அதிகம். கண்ணாடியை எளிதில் உருக்கச் சேர்க்கும் சோடா இவற்றில் செடிச்சாம்பலிலிருந்து அல்ல, உவர்மண்ணிலிருந்து வந்தது (நம் ஊரில் துணி வெளுத்த அதே உவர்மண்). அலுமினாவும் மிகுதி. தெற்காசியாவோடு சேர்பவை இவைதான். 1240 அளவில் குன்றில் பெருகும் தட்டையுருண்டை மணிகள் மறுபடியும் செடிச்சாம்பல் கண்ணாடி. ஆய்வகத்தில் கண்ணாடியிலுள்ள மக்னீசியாவின் (மக்னீசியம் ஆக்சைடு) அளவைப் பார்ப்பார்கள்: 1.5 விழுக்காட்டுக்கு மேலென்றால் பொதுவாகச் செடிச்சாம்பல், கீழென்றால் மண் சோடா.

ஆகவே, ‘அரிக்கமேட்டு மணி அரசர் கழுத்தில்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

கே2வில் கிடைத்த பீப்பாய் போன்ற பெரிய மணி எந்த நாட்டுச் சரக்கு?
– வாசகர், ஃபீனிக்ஸ்

உள்ளூர்ச் சரக்கு. கடல் கடந்து வந்த சிறு நீலப்பச்சை மணிகளைக் களிமண் அச்சில் போட்டு உருக்கி அங்கேயே செய்தது. புல்தரையைச் சமன்செய்யும் உருளையின் சாயலில் இருப்பதால் ‘கார்டன் ரோலர்’ என்று பெயர். அச்சை உடைத்தால்தான் மணி வெளியே வரும். ஓர் அச்சுக்கு ஒரு மணி. உடைந்த அச்சுத் துண்டுகள் கே2விலேயே கிடைத்ததால்தான் சங்கதி தெரிந்தது.

மாப்புங்குப்வேயில் கிடைத்த தங்கக் காண்டாமிருகம் கெட்டித் தங்கமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இல்லை. மர உருவத்தின்மேல் மெல்லிய தங்கத் தகட்டைப் போர்த்திப் பொடி ஆணிகளால் அறைந்தது. மரம் மக்கிப்போயிற்று. எங்களைக் கேட்டால், அது கிடைத்த குன்றின் இடுகாட்டிலேயே ஒருவரின் கால்களில் கிடந்த நூற்றுக்கும் மேற்பட்ட தங்கக் கம்பி வளையங்களைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம்.

எங்கள் தமிழ்ப் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு மணிச்சரமும் ஒரு கம்பி வளையமும் பிள்ளைகளைக் கொண்டே செய்ய வேண்டும். அளவு சொல்லுங்கள்.
– ஆசிரியை, சாட்ஸ்வர்த்

சரத்துக்கு 8/0 அளவுப் பாசிமணி வாங்குங்கள், சுமார் 3 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 11, 12 மணி பிடிக்கும். 18 அங்குலச் சரத்துக்கு 200 கணக்கு. உடைந்தது, துளை அடைத்தது போக 230 வாங்குங்கள். ஒளி ஊடுருவாத கறுப்பு, மஞ்சள், நீலப்பச்சை போதும். உள்ளே வெள்ளி பூசியது, முத்துப்போல் மினுங்குவது வேண்டாம். எல்லா மணியும் ஒரே அச்சாக இருந்தால் பார்த்தவுடன் கடைச்சரக்கு என்று தெரிந்துவிடும். இரண்டு கடைகளில் வாங்கிக் கலந்துவிடுங்கள். மெழுகு தடவிய பருத்தி நூலில் கோக்கவும். நைலான் வளையாமல் விறைத்து நிற்கும்.

வளையம் கொஞ்சம் பொறுமையான வேலை. நார்க் கட்டு ஒன்றின்மேல் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, பிறகு வட்டமாக வளைப்பதுதான் பழைய முறை. செம்பு, இரும்பு, தங்கம் மூன்றிலும் இப்படிச் செய்தார்கள். உள்விட்டம் 65 மில்லிமீட்டர் என்றால் உள்சுற்றளவு சுமார் 204. கம்பி 0.5 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் 408 சுற்று. நார்க் கட்டு 2 மில்லிமீட்டர் தடிப்பில் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 7.9 மில்லிமீட்டர் கம்பி போகும், மொத்தம் 3.2 மீட்டர். 3.5 மீட்டராக வெட்டிக்கொள்ளுங்கள்.

கற்றாழை நாரை நனைத்து முறுக்கி, நன்றாகக் காயவிட்ட பிறகே சுற்றத் தொடங்குங்கள். ஈரத்தில் சுற்றினால் நார் காய்ந்து சுருங்கும், கம்பி லொடலொடவென்று கழலும். கம்பி கைக்கு விறைத்தால் பெரியவர் ஒருவர் அதை மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுக்கட்டும், செம்பு இளகிவிடும். இருபுறமும் 3 சென்டிமீட்டர் நாரை நீட்டி விட்டு, வளைத்தபின் அதையே முடிச்சுப் போடுங்கள். வளைக்கும்போது உட்புறம் நெருங்கி வெளிப்புறம் விசிறிபோல் விரியும். அது பிழையல்ல.

வீட்டிலுள்ள பழைய செம்புக் காப்பைப் புளி போட்டுத் தேய்க்கிறோம். அருங்காட்சியகத்தில் மட்டும் பச்சை பிடித்தபடியே வைத்திருக்கிறார்களே?
– வாசகர், லாடியம்

போட்டுக் கழற்றும் காப்பென்றால் தேய்க்கலாம். உடனே கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். மண்ணிலிருந்து எடுத்ததற்குப் புளி எமன். செம்பின் உப்பு கிருமிகளைக் கொல்லும். அதனால் காப்பை ஒட்டிக்கிடந்த நாரும் துணியும் அந்தப் பச்சைக்குள்ளேயே மக்காமல் நிற்கும். ஸாம்பியாவின் இங்கோம்பே இலேடே கல்லறைகளில் துணி மிஞ்சியது செம்புக் காப்புகளின் தயவால்தான். புளியின் அமிலம் பச்சையைக் கரைக்கும்போது துணியின் இழையும் பதிவும் சேர்ந்தே போய்விடும்.

கெட்டியான கரும்பச்சைக்குப் பயம் வேண்டாம். வெளிறிய பச்சைப் பொடி புள்ளி புள்ளியாகக் கிளம்பினால்தான் ஆபத்து. உள்ளே குளோரைடு இருக்கிறது, ஈரக் காற்றுப் பட்டால் உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். டர்பன் காற்றில் கேட்கவே வேண்டாம். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

லிம்போப்போவில் உறவினர் பண்ணையில் மழைக்குப் பின் சிறு மணிகள் தெரிகின்றன. எடுத்துக் கோத்துக்கொள்ளலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

கூடாது. 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசியப் பாரம்பரிய வளச் சட்டம், 35ஆம் பிரிவின்படி தொல்பொருள் அரசின் உடைமை. நிலம் யாருடையதானாலும் சரி. அனுமதியின்றித் தோண்டுவதும் எடுப்பதும் குற்றம். தொல்லிடத்துக்கு மெட்டல் டிடெக்டர் கொண்டுபோவதும் அப்படியே. கண்ணில் பட்டதை உடனே தெரிவிக்க வேண்டும்: சாஹ்ரா என்னும் தேசியப் பாரம்பரிய அமைப்புக்கு, அல்லது பக்கத்து அருங்காட்சியகத்துக்கு. கிடந்தபடியே, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, கைப்பேசியில் இடத்தின் ஆயத்தொலைவைக் குறித்து அனுப்புங்கள். மண்ணை வீட்டுச் சல்லடையில் போட்டுச் சலிக்கவும் வேண்டாம். 5 மில்லிமீட்டர் கண்ணில் இந்த மணிகளில் பெரும்பாலானவை கீழே விழுந்துவிடும். ஆய்வாளர்கள் 1 மில்லிமீட்டர் அளவுக் கண்ணுள்ள சல்லடையில் தண்ணீர் ஊற்றித்தான் பிரிப்பார்கள்.