நெய்வேலி: வட்டங்களுக்கு முன்னால்

அன்புள்ள ஐயா,

மின் நிலையங்களைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் நெய்வேலியைக் காணோம். நான் அங்கே பிறந்து வளர்ந்தவன். அப்பா முதல் அனல்மின் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் ஷிப்ட் பார்த்தவர். பொட்டலாகக் கிடந்த இடத்தில் ஒரு நகரத்தையே எழுப்பினோம் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வந்தோம். போன மாதம் அந்தப் பக்கம் போனேன். எங்கள் வீட்டுக் கொடியில் வேறு யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. கேட் வரை போய்த் திரும்பிவிட்டேன். எங்கள் ஊரின் வரலாற்றை எழுதுங்களேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் அப்பாவின் பெருமை நியாயமானது. ஆனால் ‘பொட்டல்’ என்ற சொல்லை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நெய்வேலியின் கதையே ஒரு விவசாயத் தேவையிலிருந்துதான் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ கலந்து வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. பிறகு அறுநூறு ஏக்கருக்கும் மேல் நிலத்தை அவர் அரசுக்குக் கொடுத்தார். ஒருவர் கிணறு வெட்டுகிறார் என்றால் அங்கே வெள்ளாமை இருந்தது, குடி இருந்தது என்றுதானே அர்த்தம்?

அந்தத் தண்ணீர்தான் பின்னால் பெரிய தலைவலியும் ஆனது. கரிக்கு அடியில் ஊற்றுநீர் கடும் அழுத்தத்தோடு நிற்கிறது. மேலே இருக்கும் மண்ணை எடுக்க எடுக்க பாரம் குறையும், தண்ணீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வரும். சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு ராப்பகலாக இறைத்தால்தான் கீழே ஆள் நிற்கவே முடியும். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நாலு வருடத்துக்கு மேல் மண்ணையும் தண்ணீரையும் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

சரி, ஊர் ஏன் அங்கேயே வந்தது? இந்தக் கரியில் பாதிக்குப் பாதி ஈரம். ரயிலில் ஏற்றினால் தண்ணீருக்குத்தான் கூலி கொடுக்க வேண்டும். குவித்துவைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். அதனால் சுரங்கத்தின் பக்கத்திலேயே மின் நிலையம். சோவியத் உதவியோடு 1962-ல் 50 மெகாவாட்டில் முதல் அலகு ஓடியது, 1970-ல் மொத்தம் 600 மெகாவாட். அதை ஓட்ட வந்தவர்களுக்காக எழுந்தவைதான் நீங்கள் வளர்ந்த வட்டங்கள், அதாவது டவுன்ஷிப்பின் குடியிருப்புப் பகுதிகள். உங்கள் அப்பா பார்த்த அந்த நிலையத்தை 2020 செப்டம்பரோடு நிறுத்திவிட்டார்கள். அவரிடம் இதைப் பற்றிப் பேசினீர்களா?

வட்டங்களுக்கு எண்தான் பெயர். அந்த எண்கள் வருவதற்கு முன்னால் அங்கே ஊர்ப்பெயர்கள் இருந்தன. வில்லுடையான்பட்டு என்ற பெயர் கோயிலால் பிழைத்துக்கொண்டது. முருகன் கையில் வில்லோடு நிற்கிற கோயில், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சில வருடங்களுக்கு முன் பங்குனி உத்திரத்துக்குப் போயிருந்தேன். காவடிக் கூட்டத்துக்கு ஒதுங்கி, மஞ்சள் புடவையில் ஒரு பாட்டி பேரனுக்கு மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டேன். “எங்க ஊரு மைன்ஸுக்குள்ள போயிடுச்சு தம்பி” என்றார். அப்புறம், சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண்மேடு இருக்கும் திசையில் கையை நீட்டினார். “அந்த மேட்டுல எங்க கொல்லை மண்ணும் கெடக்கும்.”

குரலில் கோபமே இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு நெய்வேலியின் வரலாற்றை 1957-லிருந்து தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்றும் விட்டுவிட முடியாது. 2023 ஜூலையில் நெய்வேலிக்குப் பக்கத்து வளையமாதேவியில், சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்ட, நெல் நின்ற வயலிலேயே இயந்திரங்களை இறக்கினார்கள். நிலம் பல வருடங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டதுதான். ஆனாலும் அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. பச்சைப் பயிர் மண்ணோடு புரண்டதைப் பார்த்த யாருக்கும் வயிறு எரியும்.

நீங்கள் கேட் வரை போய்த் திரும்பினீர்கள். அந்த வலி சின்னதில்லை. வாழ்நாள் முழுக்க இருந்த வீடு ஒருநாளும் சொந்தமாகாது என்பது டவுன்ஷிப் பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ள வலி. பாட்டிக்கோ போய் நின்று பார்க்கக் கூட இடமில்லை. இரண்டையும் ஒரே வரலாற்றில்தான் எழுத வேண்டும். அதில் பாதியை உங்கள் அப்பாதான் சொல்ல முடியும். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது எந்த வட்டம் வரை வீடுகள் இருந்தன, அதைத் தாண்டி எந்த ஊர் இருந்தது, அந்த ஊர்க்காரர்கள் யாராவது அவரோடு ஷிப்டில் இருந்தார்களா என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். ஊர்ப்பெயர்களை விட்டுவிடாதீர்கள். நினைவில் இருக்கிற ஒவ்வொன்றும் எனக்கு வேண்டும்.

அன்புடன்.