அடிக்கு இன்னும் 500 பவுண்டு மணல் போடலாமா?

கேள்வி: ஷேல் எண்ணெய்க் கிணறுகளின் ஃபிராக் (பாறையைத் திரவ அழுத்தத்தால் பிளந்து, விரிசல் மூடாதபடி மணல் திணிப்பது) வடிவமைப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். 10,000 அடி நீளக் கிடைக்கிணறு. அடிக்கு 2,000 பவுண்டு மணல். 200 அடிக்கு ஒரு ஸ்டேஜ் (ஒரே தடவையில் பம்பு செய்யும் பகுதி). மணலை 2,500 ஆக்கினால் எண்ணெய் கூடும் என்கிறார் ஒரு மூத்தவர். செலவைக் குறை என்கிறார் மேலாளர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மேலாளர் பேச்சையே கேளுங்கள், ஆனால் மணலில் கை வைக்காமல்.

அந்தக் கூடுதல் 500 பவுண்டு, கிணறு முழுவதற்கும் 50 லட்சம் பவுண்டு ஆகிறது. ஏறக்குறைய 2,270 டன். லாரிக்கு 22 டன் வைத்தாலும் நூறு லாரிக்கு மேல். அதைச் சுமந்து போகத் தண்ணீரும் வேண்டும், பம்பு ஓடும் நேரமும் நீளும். எண்ணெய் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் கூடுதல் பலன் சுருங்கிக்கொண்டே வரும், மணல் பில் மட்டும் சுருங்காது.

நான் முதலில் கேட்பது வேறு: இப்போது போடும் மணல் எல்லா கிளஸ்டருக்கும் (குழாயில் ஓட்டைகள் கூட்டமாக உள்ள இடம்) போகிறதா? ஒரு ஸ்டேஜில் பத்து கிளஸ்டர் இருந்தால், எளிதில் பிளக்கும் இரண்டு மூன்றே பெரும்பங்கைக் குடித்துவிடும். பெரும்பாலும் கிணற்றின் குதிகால் பக்கம் (செங்குத்துக் கிணறு கிடையாகத் திரும்பும் பக்கம்) இருப்பவை. ஷேலின் ஊடுருவுதிறன் நானோடார்சி அளவு, அதாவது திரவம் நகர முடியாத அளவுக்கு மிகக் குறைவு என்பதால், விரிசல் தொடாத பாறை எண்ணெய் தராது. பங்கீடு சரியில்லாத இடத்தில் மணலைக் கூட்டினால், ஏற்கெனவே நீண்ட விரிசல்தான் இன்னும் நீண்டு பக்கத்துக் கிணற்றை இடிக்கும். அந்தக் கிணறு ஏற்கெனவே எண்ணெய் இறைத்து அழுத்தம் இழந்திருந்தால், விரிசல் அந்தப் பக்கமே இழுபடும். இரண்டு கிணற்றுக்கும் நஷ்டம்.

பங்கீட்டைச் சரிசெய்ய மலிவான வழி, பெர்ஃபொரேஷன் ஓட்டைகளை, அதாவது திரவம் பாறைக்குப் போகக் குழாயில் போடும் துளைகளைக் குறைப்பது. நிமிடத்துக்கு 90 பேரல் பம்பு செய்கிறீர்கள், ஸ்டேஜில் 0.35 அங்குல ஓட்டைகள் 60 என்று வைத்துக்கொள்வோம். ஓட்டையில் ஏற்படும் அழுத்த இழப்பு சுமார் 450 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). கிளஸ்டருக்குக் கிளஸ்டர் பாறையின் அழுத்தமே சில நூறு பிஎஸ்ஐ மாறும்போது, இது பத்தாது. ஓட்டைகளை 30 ஆக்குங்கள்: இழப்பு நான்கு மடங்காகி 1,800ஐத் தாண்டும். அப்போது திரவம் எங்கே போக வேண்டும் என்பதைப் பாறை தீர்மானிக்காது, ஓட்டை தீர்மானிக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. மணல் ஓட்டையை அரிக்கும். 0.35 அங்குலம் 0.42 ஆனாலே இழப்பு பாதிக்குக் கீழே போய்விடும், ஏனென்றால் விட்டம் நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. ஆகவே தொடக்கத்தில் அழுத்த இழப்பைத் தாராளமாகவே வையுங்கள். கிணற்றுத்தலை அழுத்தமும் பம்புக் குதிரைத்திறனும் ஏறும்; குழாயின் உச்ச அழுத்த வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலாளர் கேட்ட மிச்சம் இங்கேதான் இருக்கிறது. பங்கீடு சீரானால் ஸ்டேஜை 250 அடியாக நீட்டலாம். 50 ஸ்டேஜ் 40 ஆகும். ஸ்டேஜ்களைப் பிரிக்கும் பத்து பிளக் (அடைப்பான்), அவற்றை வைக்கவும் ஓட்டை போடவும் பத்து முறை வயர்லைன் (கருவியைத் தொங்கவிடும் கம்பி) இறக்குவது, பிறகு அந்தப் பிளக்குகளைக் குடைந்தெடுப்பது எல்லாம் மிச்சம். ஆனால் கிளஸ்டர் இடைவெளி மாறாமல் ஸ்டேஜ் நீண்டால் கிளஸ்டர் எண்ணிக்கை கூடும், ஓட்டைக் கணக்கையும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

சரி, பலனை எப்படி அளப்பது? முதல் மூன்று மாத உற்பத்தியை நம்பாதீர்கள். கிளஸ்டர்களை நெருக்கி வைத்தால் தொடக்கம் பிரமாதமாக இருக்கும். அதில் ஒரு பங்கு, பின்னால் வரவேண்டிய எண்ணெய்தான் முன்னால் வந்திருக்கும். சோக்கை (கிணற்றின் வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) பெரிதாகத் திறந்துவிட்டாலும் அப்படியே. 12 மாத உற்பத்தியை, கிணற்றின் அடியாழத்து அழுத்தம் எவ்வளவு வீழ்ந்தது என்பதால் வகுத்து, கிடைக்கிணற்றின் ஓர் அடி நீளத்துக்கு இவ்வளவு என்று ஒப்பிடுங்கள்.

ஒரே பேடில் (பல கிணறுகள் தோண்டும் ஒரே தளம்) இரண்டு கிணறு கிடைத்தால் ஒன்றில் ஓட்டையை மட்டும் மாற்றுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் கேமரா இறக்கி ஓட்டைகளின் அரிப்பைப் பாருங்கள். குதிகால் கிளஸ்டரும் நுனிக் கிளஸ்டரும் ஒரே அளவு தேய்ந்திருந்தால், அப்புறம் மூத்தவரோடு உட்கார்ந்து மணலைப் பற்றிப் பேசலாம்.