அதிகாரி கேட்டபோது என் கணவருக்கு என் அம்மாவின் பெயர் வரவில்லை

கணவர் அமெரிக்கக் குடிமகன், பெரியவர்கள் பார்த்து வைத்த திருமணம், அடுத்த மாதம் கிரீன் கார்டு இன்டர்வியூ, சந்தேகப்படுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல ஹெச்1பி வேலை விசாவில் அமெரிக்காவிலேயே இருந்துகொண்டு ஐ-485 என்கிற கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் போட்டவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. எங்களுக்கு நடந்தது இது, உங்களுக்கு வேறு மாதிரி அமையலாம்.

அறைக்குள் போனதும் உட்காருவதற்கு முன்பே, வலது கையை உயர்த்தி உண்மையைச் சொல்வோம் என்று உறுதிமொழி எடுக்கச் சொன்னார் அந்த அதிகாரி. முதல் கேள்வி, இருவரும் எப்படிச் சந்தித்தீர்கள். அடுத்தது, யார் ப்ரொபோஸ் செய்தது, எங்கே வைத்து. எங்களுக்குள் அப்படி ஒன்று நடக்கவே இல்லையே. ஜாதகம் பொருந்தியதும் என் கணவருடைய அம்மா எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார், நாங்கள் நாலு மாதம் போனில் பேசினோம், அப்புறம் நிச்சயம், கல்யாணம். "லவ் மேரேஜ்னு சொல்லிடு, அவங்களுக்கு அதுதான் புரியும்" என்று ஒரு தோழி சொல்லியிருந்தாள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உறுதிமொழி எடுத்துவிட்டுச் சொல்கிற பொய் அது. நடந்ததை அப்படியே சொன்னோம், எழுதிக்கொண்டார். பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம் அவர்களுக்குப் புதிதில்லை.

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் என் அப்பா பெயர், என் கணவருடையதில் அவர் அப்பா பெயர். ஏன் ஒரே குடும்பப் பெயர் இல்லை என்றும் அதிகாரி கேட்டார். நம் இனிஷியல் வழக்கத்தை விளக்கினேன். இதற்கு நீங்களும் ஒரு வரி பதில் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு என் கணவரைப் பார்த்து, "உங்கள் மனைவியின் அம்மா பெயர் என்ன?" என்றார். அவருக்கு வரவில்லை. முகமெல்லாம் வியர்த்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன், அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அந்த அரை நிமிடத்தை இன்றும் நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கடைசியில் அவர், "இந்த நிமிடம் நினைவுக்கு வரவில்லை. நான் அவர்களை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்" என்றார். அத்தை இங்கே வந்ததுண்டா என்று அதிகாரி கேட்டதும்தான் அவருக்குப் பேச்சு வந்தது. போன கோடையில் மூன்று மாதம் எங்களோடு இருந்தது, முட்டி வலியால் மாடிப்படி ஏற முடியாமல் கீழ் அறையை ஒழித்துக் கொடுத்தது, ஊரிலிருந்து கொண்டுவந்த பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய் அவர் அலைந்தது, எல்லாம் சொன்னார். மாத்திரையின் பெயரை மில்லிகிராமோடு சொன்னார்! அதற்குப் பிறகு அதிகாரி அந்தப் பக்கமே போகவில்லை.

இதைப் படித்துவிட்டு, "மாமியார் பெயர் தெரியாதவர் ஒரு மாப்பிள்ளையா" என்று யாராவது எழுதுவீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாத உறவில் வளர்ந்தவர்களுக்குப் பதற்றத்தில் அது நடக்கும். தெரியாததை ஊகித்துச் சொல்லாமல், நினைவில்லை என்று சொன்னாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர், "உனக்கென்ன, குறுக்கு வழியில் வாங்கிவிட்டாய்" என்றார். வேலைவழி கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதம்தான் என்ற உச்சவரம்பு இருப்பதால், இந்தியாவில் பிறந்தவர்கள் வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். குடிமகனின் கணவன் மனைவிக்கு அந்த எண்ணிக்கை வரம்பு இல்லை. அவருடைய வலி எனக்குப் புரிகிறது, நானும் அதே வரிசையில் நின்றவள்தான். அதற்காக என் கல்யாணத்தைக் கொச்சைப்படுத்த அவருக்கு என்ன உரிமை? குடியேற்றச் சட்டத்தை ஏய்ப்பதற்காகவே செய்யும் கல்யாணத்துக்கு 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். அந்த வார்த்தையை விளையாட்டாகக்கூட யார்மீதும் வீசக் கூடாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, சேர்ந்து தாக்கல் செய்த வரிக் கணக்கு, இன்சூரன்ஸ், படங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். திருமணச் சான்றிதழின் அசல் கட்டாயம். படிவத்தில் உள்ள ஆம், இல்லை கேள்விகளை வேகமாக வாசிப்பார்கள். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்ததுண்டா என்றுகூட அதில் இருக்கிறது. புரியாவிட்டால் தலையாட்டாமல் திரும்பக் கேளுங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளரை நீங்கள்தான் அழைத்துப் போக வேண்டும்.

எங்களுக்கு அன்றே முடிவு சொல்லவில்லை, சில வாரம் கழித்துத்தான் கடிதம் வந்தது. ஒப்புதல் கிடைக்கும் நாளில் கல்யாணமாகி 2 ஆண்டு ஆகவில்லை என்றால் வருவது நிபந்தனைக் கார்டு, 2 ஆண்டுக்குத்தான் செல்லும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 விண்ணப்பத்தைப் போட வேண்டும். எங்களுக்கு அது அடுத்த வருடம் வருகிறது. அம்மா மறுபடி வந்தபோது எடுத்த படங்களையும் அந்த ஃபைலில் சேர்த்து வைத்திருக்கிறேன்.