5 கோழி 37 ஆன கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டில் நான்கு பேர். பிள்ளைகளுக்கு நல்ல முட்டை கிடைக்கட்டும் என்று போன வருடம் ஆடியில் நான்கு சிறுவிடைப் பெட்டையும் (சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி) ஒரு சேவலும் வாங்கினோம். 6க்கு 4 அடியில் கூடு. பதினாறு மாதம் ஆகிறது. நேற்று ராத்திரி டார்ச் அடித்து எண்ணினேன், 37. அதில் சேவல் மட்டும் 13.

எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு கோழியும் ஒரு தடவை, அதில் இரண்டு மறுபடியும், மொத்தம் ஆறு தடவை அவயத்துக்கு (அடைகாக்க) வைத்தேன். 57 குஞ்சு பொரித்தது. காக்கை, பூனை, கழிச்சல் என்று 23 போனது. ஐந்து சேவலை அறுத்தோம். சந்தையில் மூன்று பெட்டை வாங்கினேன். மாதம் இரண்டு மூட்டை தீவனம் போகிறது. முட்டையோ நாளுக்கு மூன்று, நான்குதான். சேவலை எடுத்துவிட்டால் பெருகுவது நின்றுவிடுமா? எத்தனையோடு நிறுத்தலாம்? அவயக்கோழியைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். செய்யலாமா?

ச., காங்கேயம் அருகே

*

அன்புள்ள ச. அவர்களுக்கு,

நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறவர்கள் அபூர்வம். உங்கள் கணக்கும் நேராக வருகிறது. வாங்கியது 8, பொரித்தது 57, போனது 23, அறுத்தது 5, மிச்சம் 37. உண்மையில் நீங்கள் அடக்கித்தான் வைத்திருக்கிறீர்கள். சிறுவிடைப் பெட்டை விட்டபடி விட்டால் வருடத்துக்கு மூன்று முறை அவயம் உட்காரும். நான்கு கோழிக்குப் பதினாறு மாதத்தில் பதினாறு அடை. நீங்கள் வைத்தது ஆறு.

முன்பும் எல்லா வீட்டிலும் கோழி இருந்தது. அப்போது ஏன் பெருகவில்லை? பெருகத்தான் செய்தது. ஆனால் கோடை தொடங்கும்போது வெள்ளைக்கழிச்சல் வந்து கூட்டையே துடைத்துவிட்டுப் போகும். இரண்டு மூன்று தப்பினால் அதிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். மிச்சத்தைப் பருந்தும் கீரியும் பார்த்துக்கொள்ளும். விருந்தாளி வந்தால் ஒன்று, கோயிலுக்கு நேர்ந்தது ஒன்று என்று கழிந்துகொண்டே இருக்கும். இப்போது கம்பிவலை, தடுப்பூசி, தீவனம் மூன்றும் வந்துவிட்டன. குஞ்சு பிழைக்கிறது. கழிக்கிற வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதற்காகத் தடுப்பூசியை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. நோய் செய்துவந்த வேலையை இனி நீங்கள் நாள் குறித்துச் செய்ய வேண்டும்.

எத்தனையோடு நிறுத்தலாம் என்பதைக் கோழியை எண்ணிச் சொல்ல முடியாது, கூட்டை அளந்துதான் சொல்ல வேண்டும். உங்கள் கூடு 24 சதுர அடி. பகலில் வெளியே மேய்கிற நாட்டுக்கோழிக்கு ராத்திரி தங்க ஒன்றரை சதுர அடி வைத்தால் 16 கோழி. உட்காரும் கட்டைக்கும் அதே கணக்குதான். ஒரு கோழிக்கு 8 அங்குலம் வேண்டும். ஆறடிக் கட்டை இரண்டை ஒன்றரை அடி இடைவெளியில், ஒரே உயரத்தில் போட்டால் 18 உட்காரும். உயரம் மாறினால் எல்லாம் மேல் கட்டைக்கே சண்டை போடும். இப்போது 37 இருக்கிறது, தலைக்கு முக்கால் சதுர அடிகூட இல்லை. வளர்ந்த கோழி நாளுக்கு ஏறக்குறைய 100 கிராம் எச்சம் போடும், அதில் பாதி ராத்திரியில் கூட்டுக்குள் விழும். தரை ஈரமாகும், காலையில் கதவைத் திறந்தால் கண் எரியும். அந்த ஈரத்தில்தான் மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வரும். உங்கள் 23இல் சில இப்படிப் போயிருக்கலாம். எச்சத்தில் ரத்தம் கலந்திருந்ததா என்று நோட்டைப் பாருங்கள்.

ஆக உச்சவரம்பு 16. அதில் நிரந்தரக் கோழி 9, எட்டுப் பெட்டையும் ஒரு சேவலும். மிச்சம் ஏழு இடம் வளர்கிற விடைகளுக்கு, அதாவது இளங்கோழிகளுக்கு. அந்த ஏழு இடத்தையும் நிரந்தரக் கோழிகளுக்குக் கொடுத்துவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அடுத்த அடை பொரித்ததும் இடம் இல்லாமல் கூட்டைப் பெரிதாக்குவார்கள். பெரிதாக்கிய கூடு காலியாகத் தெரியும். அதை நிரப்பச் சந்தைக்குப் போவார்கள்.

முதலில் சேவல்கள். 24 பெட்டைக்கு 13 சேவல் என்றால் ஒரு சேவலுக்கு இரண்டு பெட்டைகூட இல்லை. எட்டிலிருந்து பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். கூடுதலாக இருந்தால் மாறி மாறி மிதித்துப் பெட்டையின் முதுகு மயிர் உதிர்ந்து தோல் தெரியும், அந்தப் புண்ணை மற்றவை கொத்தும். சேவல் அதிகமாகிவிட்டதே என்று பெட்டை வாங்கிச் சரிக்கட்டப் பார்ப்பார்கள், நீங்கள் வாங்கிய மூன்றும் அப்படித்தானோ என்று சந்தேகம். சேவலைக் குறைக்கவேண்டிய இடத்தில் பெட்டையைக் கூட்டுவது கணக்கே அல்ல. நன்றாக வளர்ந்த, பெட்டைகளை அதிகம் விரட்டாத ஒன்றை வைத்துக்கொண்டு பன்னிரண்டையும் கழித்துவிடுங்கள். கூடப்பிறந்த பெட்டைகளோடு அதை விடாமல் வேறு வீட்டுச் சேவலோடு மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

இனிமேல் வருகிற சேவல் குஞ்சுகளைப் பத்தாம் வாரத்திலேயே தெரிந்துகொள்ளலாம். கொண்டை சிவந்து பெரிதாகும், இடுப்பு மயிர் கூராக நீளும். அன்றைக்கே நோட்டில் விற்கிற மாதத்தை எழுதிவிடுங்கள். சிறுவிடைச் சேவல் விற்கிற எடைக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். அதற்குமேல் வைத்திருந்தால் எடை பெரிதாக ஏறாது, தீவனம் மட்டும் மாதம் மூன்று கிலோ போகும்.

விற்பதற்கும் மாதம் இருக்கிறது. புரட்டாசியில் பாதி ஊர் கறி சாப்பிடாது. கார்த்திகையில் மாலை போட்டுவிடுவார்கள். ஆடிக் கோயில் கொடைக்கும் தீபாவளிக்கும் பொங்கலை ஒட்டியும் கேட்டு வருவார்கள். அங்கிருந்து ஆறு மாதம் பின்னால் எண்ணி அடை வையுங்கள். தையில் வைத்தால் மாசியில் பொரிக்கும், ஆடிக்கு விற்கலாம். ஆனியில் வைத்தால் ஆடியில் பொரிக்கும், தைக்கு விற்கலாம். வருடத்துக்கு இந்த இரண்டு அடை போதும். சித்திரை, வைகாசி அடையே வேண்டாம். வெயிலில் வைத்திருந்த முட்டையில் கரு பாதியில் செத்துவிடும், கூமுட்டை அதிகம் வரும். இப்போதுள்ள பன்னிரண்டையும் ஒரே நாளில் வியாபாரியிடம் கொடுத்தால் அவர் சொன்னதே விலை. இரண்டு மூன்றாக, உயிர் எடைக்கு, உங்கள் தராசில் நிறுத்துக் கொடுங்கள்.

அடைக்கு எத்தனை முட்டை என்பதிலும் கை நீளக்கூடாது. சிறுவிடைக்கு 12 வரை தாங்கும் என்பதால் 12 வைக்கவேண்டும் என்று சட்டமில்லை. உங்களுக்கு வேண்டியது ஏழு என்றால் பத்து வையுங்கள். உங்கள் நோட்டுப்படி பத்து வைத்தால் எட்டு பொரிக்கும், ஐந்து தேறும். காக்கைக்கு வலையும் பூனைக்குப் பஞ்சாரமும் (கவிழ்த்து மூடும் கூடை) சரியாக இருந்தால் ஏழு தேறும். வைக்கிற முட்டை ஏழு நாளுக்கு மேற்பட்டதாக இருக்கக்கூடாது. ஈர மணல் நிரப்பிய பானையின் மேல் துணி விரித்து, கூர்முனை கீழே இருக்கும்படி வைத்துச் சேருங்கள். ஏழெட்டாம் நாள் ராத்திரி முட்டையின் அகன்ற பக்கம் டார்ச்சை ஒட்டிப் பாருங்கள். சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு. வெறும் மஞ்சள் வெளிச்சம் மட்டும் என்றால் எடுத்துவிடலாம். 21ஆம் நாள் பொரிக்கும்.

அடுத்து சொல்வது பலரும் சொல்வதற்கு நேர் எதிரானது. நாலைந்து வாரத்தில் குஞ்சைத் தாயிடமிருந்து பிரித்துவிடுங்கள், கோழி சீக்கிரம் மறுபடி முட்டை வைக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அது பெருக்க நினைப்பவர்களுக்கான யோசனை. தாயோடு விட்டால் அதுவே இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தி விரட்டும், அதுவரை முட்டைக்கும் அவயத்துக்கும் வராது. உங்களுக்கு வேண்டியது இந்த இடைவெளிதான். முட்டைக்கு மற்ற ஏழு பெட்டை இருக்கிறது.

முட்டையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சிறுவிடை வருடத்துக்கு 60, 80 முட்டைதான் வைக்கும். எட்டுப் பெட்டைக்கு நாளுக்கு ஒன்றரை. வீட்டில் நான்கு பேருக்கு நாளுக்கு மூன்று வேண்டும் என்றால் வருடத்துக்கு 1,095 முட்டை. அதை நாட்டுக்கோழியிடமே எதிர்பார்த்தால் 14 பெட்டைக்குக் குறையாமல் வேண்டும். ‘இன்னும் ரெண்டு கோழி இருந்தா போதும்’ என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. அதற்கு வழி, எட்டில் நான்கைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் கிராமப்பிரியா மாதிரி முட்டைக்கென்று உருவாக்கிய பெட்டை நான்கு வாங்குவது. முதல் வருடம் ஒவ்வொன்றும் 180க்குக் குறையாமல் வைக்கும், அவயம் உட்காருவது அரிது. நான்கும் சேர்ந்து 720, நான்கு சிறுவிடையும் சேர்ந்து 280. ஏறக்குறைய சரியாகிவிடுகிறது. முட்டைக்கு அவை, குஞ்சுக்கு இவை. ஆனால் அவற்றுக்கு மேய்ச்சல் மட்டும் போதாது. முட்டைக்கோழித் தீவனமும் கிளிஞ்சல் தூளும் இல்லாவிட்டால் ஓடு இல்லாத தோல் முட்டை போடும்.

யாரை வைத்துக்கொள்வது என்று குழம்ப வேண்டாம். பெட்டையைக் கையில் பிடித்து ஆசனவாய்க்குக் கீழே உள்ள இரண்டு எலும்புக்கு நடுவே விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு, மூன்று விரல் நுழைந்தால் முட்டைக்கோழி. ஒரு விரல்தான் நுழைகிறது, கொண்டையும் வெளுத்திருக்கிறது என்றால் அது முட்டையில் இல்லை. விடை இன்னும் தொடங்கியிருக்காது, அதற்கு ஒரு மாதம் தவணை கொடுங்கள். குஞ்சை நன்றாகக் காத்த பழைய பெட்டை இரண்டை மட்டும் விரல் கணக்குப் பார்க்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சேவலை எடுத்துவிட்டால்? பெட்டை முட்டை வைக்கச் சேவல் வேண்டியதில்லை, எடுத்தாலும் முட்டை வரும். ஆனால் எடுத்த அன்றே கரு நிற்காது. இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் வரை வருகிற முட்டையிலும் கரு இருக்கும். அவயமும் நிற்காது, கருவில்லாத முட்டையின் மேலும் வெறும் தரையிலும் உட்காரும். எடுப்பதானால் முழுக்க எடுத்துவிட்டு, தைக்கும் ஆனிக்கும் பக்கத்து வீட்டில் பத்து முட்டை வாங்கி வைக்கலாம். எண்ணிக்கையைக் கையில் வைத்திருக்க இதைவிட எளிய வழி இல்லை.

தடுப்பூசியில் ஒரு சிக்கல். சீசா 100 கோழிக்கு வரும், கலந்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மிச்சம் வீணாகிறதே என்று போடாமல் விடுகிறவர்களும் உண்டு, அதற்காகவே குஞ்சைக் கூட்டுகிறவர்களும் உண்டு. தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து), நாலாவது வாரம் மறுபடி, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. பெரிய கோழிகளுக்குப் பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமில் போட்டுவிடலாம். ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். சந்தையில் இனி எதை வாங்கினாலும் மூன்று வாரம் தனியே வைத்த பிறகுதான் கூட்டில் சேர்க்க வேண்டும், அதுவும் ராத்திரியில்.

இனி மாமியார் சொன்னது. தண்ணீரில் முக்கினால் கோழி நனைந்து அவதிப்படும், காய்ந்ததும் மறுபடி போய் உட்காரும். அவயக்கோழிக்கு வயிற்றுப் பக்கம் சூடாக இருக்கும், அந்தச் சூடு தணிய வேண்டும், அவ்வளவுதான். அடிப்பக்கமும் கம்பிவலையாக உள்ள சின்னக் கூண்டைத் தரையிலிருந்து ஓரடி தூக்கி, நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். உள்ளே வைக்கோலோ சாக்கோ வேண்டாம். தீவனமும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். மூன்று நான்கு நாளில் தெளிந்துவிடும். வெளியே விட்டதும் நேரே முட்டை வைக்கிற இடத்துக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள். உட்கார்ந்த முதல் நாளே பிடித்தால் சீக்கிரம் தெளியும், பத்து நாள் விட்டுப் பிடித்தால் இழுக்கும். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு நாள் விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டை பத்துக் குஞ்சோடு வெளியே வரும். பெரும்பாலும் காலையில்தான் முட்டை வைக்கும் என்பதால் பதினொரு மணிக்குக் கூட்டைத் திறந்தால் கள்ள முட்டை வெகுவாகக் குறையும். இரண்டு நேரமும் முட்டையை எடுத்துவிட்டு, அடையாளத்துக்கு ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை விட்டுவையுங்கள். அப்படியும் ஒளித்து வைத்தது கண்ணில் பட்டால் டார்ச் அடித்துப் பாருங்கள். நரம்பு தெரியவில்லை என்றால் எடுத்துவிடலாம். உள்ளே கறுத்து அசைகிறது என்றால் விட்டுவிடுங்கள், அந்த அடையைத் தைக் கணக்கில் எழுதிக்கொண்டு, தையில் வேறு வைக்காதீர்கள்.