நீலம் குறித்து மொரீசியஸ் வாசகர்கள் கேட்டவை

கேள்வி: எங்கள் பூசையறையில் மாட்டியிருக்கும் நாட்காட்டிப் படங்களில் சிவபெருமானும் கண்ணனும் ஒரே நீல நிறத்தில் இருக்கிறார்கள். “மனிதர் யாரும் நீலமாக இல்லையே பாட்டி, சாமி மட்டும் ஏன் நீலம்?” என்று பேரன் கேட்கிறான். என்ன சொல்வது ஐயா?
— வாசகி, குவாத்ர் போர்ன்

பதில்: அம்மா, நம் பழம்பாட்டுகளில் வரும் திருமால் வானத்து இளநீலமாக இல்லை, கறுப்பாக இருக்கிறார் என்பதை முதலில் பேரனுக்குச் சொல்லுங்கள். பெரும்பாணாற்றுப்படை அவரை ‘நீனிற உருவின் நெடியோன்’ என்கிறது. ஆனால் அந்த நீலம் ஆழ்கடலின், மழைமேகத்தின் இருண்ட நிறம். ஆண்டாள் மழையை அழைக்கும்போது ‘ஊழி முதல்வன் உருவம்போல் மெய் கறுத்து’ வரச் சொல்கிறாள். தொண்டரடிப்பொடியாழ்வாருக்கோ அதே திருமேனி ‘பச்சைமா மலை’யாகத் தெரிகிறது. நீலம், கறுப்பு, பச்சை என்று மூன்றையும் ஒரே உடலுக்குச் சொன்னதில் அவர்களுக்கு முரண்பாடு தோன்றவில்லை. அவர்கள் வண்ணப்பெட்டியைப் பார்த்துப் பாடவில்லை. கார்மேகத்தையும் காயாம்பூவையும் காட்டையும் பார்த்துப் பாடினார்கள்.

சிவபெருமான் செய்தி இன்னும் தெளிவானது. நஞ்சுண்ட மிடறு மட்டுமே நீலம். அதனால்தான் நீலகண்டன் என்ற பெயர். மேனியோ ‘பவளம் போல் மேனி’ என்று அப்பர் பாடியது, அதன்மேல் பால்போன்ற வெண்ணீறு. எனவே தலைமுதல் கால்வரை நீலமாகத் தீட்டப்பட்ட சிவன் நாட்காட்டி ஓவியர் தந்தவரே தவிர, தேவாரம் தந்தவர் அல்லர். முருகன் செவ்வேள், அவனிடத்தில் நீலம் மயிலுக்கு உரியது. தைப்பூசக் காவடியில் மயிற்பீலியைப் பார்க்கும்போது பேரனுக்கு இதைச் சொல்லுங்கள், மறக்கமாட்டான்.

அப்படியானால் இந்த நீலம் எங்கிருந்து வந்தது? வடநாட்டுச் சிற்றோவியங்களில் கண்ணன் முன்பே நீலமாக வரையப்பட்டான். ஆனால் எல்லா வீட்டுச் சுவருக்கும் அதைக் கொண்டுவந்தது கல்லச்சு. ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு, கோயிலுக்குள் போக விடப்படாதவர்களும் சாமியின் உருவத்தைச் சில காசுக்கு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தது. அதற்குள் நீலமும் மலிவாகிவிட்டிருந்தது. ஆப்கானிஸ்தானத்துப் பதக்‌ஷானில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி என்னும் கல்லை அரைத்துத்தான் ஒரு காலத்தில் உயர்ந்த நீலம் கிடைத்தது. பொன்னுக்கு நிகரான விலை. ஐரோப்பிய ஓவியர்கள் அதை மாதாவின் மேலாடைக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். நம் தீவின் தேவாலயங்களில் மாதா சுரூபங்கள் நீல ஆடை அணிந்திருப்பது அந்த மரபின் தொடர்ச்சி. 1820-களின் இறுதியில் அதே நீலத்தைப் பிரான்சில் செயற்கையாகச் செய்யக் கற்றார்கள். அதன்பின் அது சித்திரத்துக்கும் போயிற்று, சலவைத் தொட்டிக்கும் போயிற்று. வெள்ளை வேட்டி பழுக்காமல் இருக்க நம் பாட்டிமார் கடைசி அலசலில் போட்ட நீலம் அந்தப் பொடிதான். துணியின் மஞ்சளை நீலம் ஈடுசெய்வதால் கண்ணுக்கு அது வெண்மையாகத் தெரிகிறது.

ஒன்றை மட்டும் மனம்விட்டுச் சொல்கிறேன். கருமையை மறைப்பதற்கான நாகரிகமான போர்வையாக நீலத்தை நம் பிள்ளைகள் புரிந்துகொள்வது எனக்கு வருத்தம் தருகிறது. கார்மேனியை அழகென்று பாடிய மொழி நம்முடையது. பேரன் கறுப்பான கண்ணனை வரைந்து வந்தால் அந்தப் படத்தையும் பூசையறையில் மாட்டுங்கள்.

கேள்வி: கிட்டார் கற்றுக்கொள்கிறேன். ‘புளூஸ்’ என்ற இசைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? அதைத் தமிழில் ‘நீல இசை’ என்று எழுதலாமா?
— மாணவர், ரோஸ் ஹில்

பதில்: தம்பி, ‘நீல இசை’ என்று எழுத வேண்டாம், தமிழில் நீலத்துக்குத் துயரம் என்ற பொருள் இல்லை. ஆங்கிலத்தில் மனச்சோர்வை ‘நீலப் பேய்கள்’ பிடித்துக்கொண்டதாகச் சொல்லும் பழைய வழக்கு உண்டு. பேய்கள் உதிர்ந்து நீலம் மட்டும் துயரத்தின் பெயராக நின்றுவிட்டது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில், அடிமைத்தளையிலிருந்து சட்டப்படி விடுபட்டும் வறுமையிலிருந்தும் அவமதிப்பிலிருந்தும் விடுபடாத கறுப்பின மக்கள் தங்கள் பாட்டை அந்தப் பெயரால் அழைத்தார்கள். டபிள்யூ.சி. ஹேண்டி 1912-இல் மெம்ஃபிஸ் நகரத்தின் பெயரில் ஒரு புளூஸை அச்சிட்டு வெளியிட்டார். 1920-இல் மேமி ஸ்மித் பாடிய இசைத்தட்டு பெரும் விற்பனை கண்ட பிறகே, கறுப்பினக் குரலை விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது என்று இசைத்தட்டு நிறுவனங்கள் உணர்ந்தன.

பாட்டின் அமைப்பு எளிது. முதல் அடியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாம் அடியில் அதற்கு மறுமொழி சொல்வார்கள். பன்னிரண்டு தாள அளவுகளில் ஒரு சுற்று முடியும். நீங்கள் கிட்டாரில் கவனிக்க வேண்டியது ‘நீல சுரங்கள்’. நம் கணக்கில் சொன்னால், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே குரல் நிற்கும், நிஷாதத்திலும் அப்படியே. பியானோவின் கட்டைகளுக்கு இடையில் இருக்கும் அந்த இடத்தை, கிட்டார் தந்தியை விரலால் சற்றே இழுத்துப் பிடிக்கலாம். கமகம் கேட்டுப் பழகிய காது அதை எளிதில் கண்டுகொள்ளும்.

ஆனால் அதை அவர்களுடைய முகாரி என்று முடித்துவிடாதீர்கள். அதில் நையாண்டி இருக்கிறது, காதல் இருக்கிறது, முதலாளியை மறைமுகமாக இடித்துரைக்கும் துணிவு இருக்கிறது. அந்த வகையில் நம் தீவின் சேகாவோடு அதை ஒப்பிடலாம். அடிமைப்பட்டவர்கள் உருவாக்கிய சேகாவும் துன்பத்தில் பிறந்து, ஆட்டுத்தோல் கட்டிய ரவான் என்னும் பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றி, ஆடிக் களிக்கும் பாட்டாக வளர்ந்தது. 2014-இல் யுனெஸ்கோ மொரீசியஸ் சேகாவை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆசிரியர் அனுமதித்தால் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: ‘நீலப்படம்’ என்ற சொல்லும் ‘நீலிக்கண்ணீர்’ என்ற சொல்லும் நீலத்தை இழிவுபடுத்துகின்றனவே. இரண்டுக்கும் உறவு உண்டா?
— வாசகர், போ பசான்

பதில்: இல்லை. முன்னது ஆங்கிலத்திலிருந்து அண்மையில் வந்த வழக்கு. ஆபாசத்துக்கு ஆங்கிலத்தார் நீலத்தைச் சொல்வார்கள். ஸ்பானியர் பச்சையைச் சொல்வார்கள். சீனர் மஞ்சளைச் சொல்வார்கள். இந்தத் தீவில் நம் காதில் விழும் பிரெஞ்சிலோ உடம்பில் கன்றிப்போன இடமும் நீலம், நடுங்கவைக்கும் அச்சமும் ‘நீல அச்சம்’. நிறத்துக்குள் எந்தப் பொருளும் ஒளிந்திருக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நீலி என்பது பெண்ணின் பெயர். துர்க்கைக்கும் அந்தப் பெயர் உண்டு. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், முற்பிறப்பில் தன்னைக் கொன்ற கணவன் வணிகனாக மறுபடி பிறந்திருக்க, அவனைப் பழிவாங்க வந்த நீலி என்னும் பேய், மனைவி வடிவம் எடுத்து, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊரார் முன்னே அழுததாம். அந்தக் கண்ணீரை நம்பி வணிகனை அவளோடு அனுப்பிய எழுபது வேளாளர்களும், அவன் உயிருக்குத் தாங்கள் கொடுத்த வாக்குத் தவறியதால் தீப்பாய்ந்தார்கள் என்பது கதை. நான் சிறுவயதில் கேட்டபோது நீலியின் பொய்யைவிட அவளுக்கு முன்பு நேர்ந்த கொலைதான் மனத்தை உறுத்தியது, இன்றும் அப்படியே. சொல்லாட்சியில் பொய்யழுகை மட்டும் நிலைத்து, கொலை மறக்கப்பட்டுவிட்டது.

கேள்வி: போர் லூயி கோதான் கடற்கரையில் உள்ள ‘புளூ பென்னி’ அருங்காட்சியகத்தில், அந்த நீலத் தபால்தலை ஒரு பென்னி அல்ல, இரண்டு பென்ஸ் என்று கண்டேன். பெயர் தவறா?
— வாசகர், கியூர்ப்பிப்

பதில்: நீங்கள் கண்டது சரி. 1847 செப்டம்பரில் பார்னார்ட் என்ற செதுக்குநர் உருவாக்கிய இரண்டு தபால்தலைகளில் ஒரு பென்னி செம்மஞ்சள், இரண்டு பென்ஸ் நீலம். பிரிட்டன் 1840-இல் வெளியிட்ட இரண்டு பென்ஸ் தலையும் நீலமே. காலனி அந்த வழியைப் பின்பற்றியது. இரண்டிலும் ஐந்நூறு ஐந்நூறு அச்சிட்டார்கள். இன்று நீலத்தில் 12 மட்டுமே எஞ்சியிருப்பதாக அறியப்படுகிறது. ‘புளூ பென்னி’ என்பது மக்கள் வாயில் புழங்கிய செல்லப்பெயர். ஒளிபட்டால் சாயம் மங்கும் என்பதால் அசலின் மேல் சிறிது நேரமே விளக்குப் போடுகிறார்கள். அந்த நேரத்தைக் கேட்டறிந்து செல்லுங்கள்.

கேள்வி: ஜீன்ஸ் துணியின் நீலத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?
— வாசகி, திரியோலே

பதில்: துணிக்கு இல்லை, சாயத்துக்கு உண்டு. அவுரிச் செடியின் இலையை நீரில் ஊறப்போட்டு, புளித்த நீரைத் துடுப்பால் அடித்துக் காற்று ஏற்றி, அடியில் படியும் வண்டலை உலர்த்திக் கட்டிகளாக வெட்டுவார்கள். சாயத்தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். தென்னாற்காடும் கடப்பையும் இந்தத் தொழிலில் பெயர்பெற்றவை. புதுச்சேரியில் அவுரியில் தோய்த்த ‘கினே’ என்னும் நீலத்துணியைப் பிரெஞ்சு வணிகர்கள் செனகலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பிசின் வாங்குவதற்கு அது நாணயம்போலவே செல்லுபடியானது. அடிமை வணிகத்திலும் அது கைமாறியது. நம் முன்னோரின் கைத்திறன் பிறரின் விலையாக எண்ணப்பட்ட அந்த வரலாற்றை, அதே கடலைக் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளாகிய நாம் மறைக்காமல் அறிந்திருக்க வேண்டும்.

லாபூர்தொனே ஆளுநராக இருந்தபோது இந்தத் தீவிலும் அவுரி பயிரிட முயன்றார். கரும்பு அதை வென்றுவிட்டது. 1873-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற, செப்பு ஆணி அறைந்த உழைப்பாளர் கால்சட்டையே இன்றைய ஜீன்ஸின் முன்னோடி. 1897-இல் ஜெர்மனியில் செயற்கை அவுரி நீலம் விற்பனைக்கு வந்ததும் தமிழ்நாட்டு அவுரி வயல்கள் சில ஆண்டுகளில் சுருங்கிப்போயின.

கேள்வி: 1890-களில் எடுத்ததாகச் சொல்லப்படும் என் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டியின் கல்யாணப் படத்தைக் கைப்பேசிச் செயலியில் வண்ணப்படுத்தினேன். பாட்டியின் சேலை கருநீலமாக வந்தது. “கல்யாணத்துக்குக் கருநீலமா? எங்கள் பாட்டி அப்படி உடுத்தியிருக்க மாட்டார்” என்று அத்தை கண்கலங்குகிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், மாஹேபூர்

பதில்: பெரும்பாலும் உங்கள் அத்தை சொல்வதே சரி. அந்தக் காலத்து ஒளிப்படத் தகடுகள் நாம் பார்ப்பதுபோல் உலகைப் பார்க்கவில்லை. அவை நீலத்தையும் ஊதாவையும் நன்றாக உணர்ந்தன. சிவப்பை ஏறக்குறைய உணரவே இல்லை. அதனால் நீலம் படத்தில் வெளிறி வெண்மையாகும். சிவப்பும் மஞ்சளும் கறுத்துவிடும். அக்காலப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுவே. ஹெர்மன் ஃபோகல் 1873-இல் தகட்டில் சாயம் கலந்து பச்சையையும் உணரச் செய்தார். எல்லா நிறங்களையும் உணரும் தகடு கடைக்கு வந்தது 1906-இல்.

எனவே படத்தில் கறுப்பாகத் தெரியும் கல்யாணச் சேலை அரக்குச் சிவப்பாக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. நெற்றியில் கறுப்பாகத் தெரிவது குங்குமம். மஞ்சள் பூசிய முகமும் உள்ளதைவிடக் கறுத்துத் தெரியும். பாட்டியின் நிறத்தைப் படத்தைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டாம். தாத்தாவின் வெள்ளைத் தலைப்பாகை வெள்ளையாகவும் இருக்கலாம், இளநீலமாகவும் இருக்கலாம். செயலி சாம்பல் நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து ஊகிக்கிறது. அந்தத் தகடு சிவப்புக்குக் குருடு என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை.

இங்கே வந்த ஒப்பந்தக் கூலிகளை 1860-களிலிருந்து எடுத்த படங்களுக்கும் இது பொருந்தும். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன. அந்த முகங்களின் முன் நிற்கும்போது, இருண்ட துணியெல்லாம் துக்கத் துணி என்று எண்ணிவிடாதீர்கள்.

அசல் படத்தை வெயில் படாத இடத்தில் வையுங்கள். வண்ணப் பிரதி வேண்டுமென்றால், சேலையை அத்தையின் நினைவுப்படி அரக்காக மாற்றித் தரச் சொல்லுங்கள். பின்புறத்தில் அந்த நிறம் யார் சொன்னது, எந்த ஆண்டு மாற்றப்பட்டது என்று தமிழிலேயே எழுதிவையுங்கள்.