புதிதாகச் சேர்ந்தவரை மிரட்டாமல் பழக்குவது எப்படி? தலவாக்கலை அக்காவின் கேள்வி பதில்

ஹட்டன்: அக்கா, ஆளுக்கு ஆள் சேர்ந்து பொருள் விற்று கமிஷன் எடுக்கும் எங்கள் நேரடி விற்பனையில் என் கீழே ஒரு பிள்ளை சேர்ந்திருக்கிறாள், தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். சேர்ந்த அன்றே பொருள் பட்டியல், கமிஷன் திட்டம், பேசும் முறை எல்லாம் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இப்போது போனை எடுப்பதே இல்லை.

எடுக்கமாட்டாள் தங்கச்சி. காலையில் பிரட்டுக்கு, அதுதான் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்குப் போய், பின்னேரம் கொழுந்தை நிறை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, சமைத்து முடித்து போனைத் திறந்தால் உங்கள் ஆடியோ வரிசையாக நிற்கிறது. எதில் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அனுப்பியதையெல்லாம் விட்டுவிடச் சொல்லுங்கள். முதல் கிழமை ஒரே பொருள். பாத்திரம் கழுவும் திரவம் என்றால் அதை அவளே வீட்டில் பாவிக்கட்டும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அவள் இருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் போய், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் எண்ணெய் பிடித்த ரொட்டிக்கல்லை நாலு பேர் பார்க்க அவள் கையாலேயே கழுவச் செய்யுங்கள். ஒரு மூடிக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் வரும், என்ன விலை, கடைச் சாமானை விட லாபமா இல்லையா, இதெல்லாம் தாளைப் பார்க்காமல் சொல்ல வந்துவிட்டால் அடுத்த பொருளுக்குப் போகலாம். அவள் தடுமாறினால் குறுக்கே பேசாதீர்கள். பக்கத்து வீட்டு ஆட்கள் முன்னால் திருத்தினால் மறுபடி வரமாட்டாள், திரும்பி வரும் வழியில் தனியாகச் சொல்லுங்கள். கமிஷன் கணக்கை முதல் கமிஷன் கைக்கு வந்த பிறகு அந்தத் தொகையை வைத்தே சொல்லிக்கொடுங்கள்.

மஸ்கெலியா: புதிதாகச் சேர்பவர் வாங்கும் தொடக்கப் பொதி 15,000 ரூபா. கடன்பட்டாவது எடுக்கச் சொல்லலாமா?

வேண்டாம். 2024இல் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தால் அது 11 நாள் சம்பளத்துக்கு மேல். ஓடர் வந்த பிறகு பொருள் எடுக்கப் பழக்குங்கள். அடகு வைத்தோ, சீட்டுக் காசிலோ யாரையும் சாமான் அடுக்க விடாதீர்கள்.

பதுளை: புதியவரை எத்தனை நாளில் தன் கீழே ஆள் வைத்திருக்கும் லீடர் ஆக்கலாம்?

முதலில் விற்கட்டும்.

பண்டாரவளை: அக்கா சொல்வது மெதுவான வழி. விற்பனையில் என்ன கிடைக்கும்? முதல் நாளே 3 பேரைச் சேர்க்கப் பழக்கினால்தான் காசு.

தம்பி, இதற்கு நான் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 3 பேர் ஆளுக்கு 3 பேரைச் சேர்த்தால் ஏழாம் படியில் மட்டும் 2187 பேர் வேண்டும். தோட்டத்தின் ஒரு டிவிஷனில் அத்தனை பேருக்கு எங்கே போவது? கடைசிப் படியில் நிற்பவர்கள்தான் எப்போதும் அதிகம், அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை, கட்டிய காசும் திரும்பாது. சட்டமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு பிரமிட் திட்டத்தைத் தடை செய்கிறது. வருமானம் பெரும்பாலும் ஆள் கூடுவதிலோ அவர்கள் கட்டும் காசு கூடுவதிலோ தங்கியிருந்தால் அது அந்தக் கணக்கில் வரும், பெயருக்கு ஒரு சவர்க்காரத்தைக் கையில் கொடுத்தாலும் சரி.

பண்டாரவளை: எல்லாரும் சேரப்போவதில்லையே அக்கா. நமக்கு 3 பேர் போதும்.

அந்த 3 பேருக்கும் நீங்கள் இதையே சொல்லித்தானே கொடுப்பீர்கள்? சேர்பவர் யார்? உங்கள் மாமி, சித்தப்பா மகன், கோயில் கமிட்டிக்காரர். நாளைக்கு ஒரே லயத்தில் முகம் பார்க்க வேண்டியவர்கள். ஆள் சேர்ப்பது நின்றுபோனாலும், வெளியே பொருள் வாங்குகிறவர் காசில் கமிஷன் வருமா? வரும் என்றால் பழக்குங்கள். வராது என்றால் நீங்களே வெளியே வாருங்கள் தம்பி. மத்திய வங்கி தடை செய்த நிறுவனங்களின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது, இன்றைக்கே பாருங்கள்.

நுவரெலியா: சீனி வருத்தக்காரருக்கு எங்கள் சத்துமாவு எத்தனை கரண்டி?

அதை கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள். புதியவர்களுக்கும் கண்டிப்பாகச் சொல்லுங்கள், "இதைக் குடித்தால் சுகமாகும்" என்று வாயால் வரக்கூடாது.

பொகவந்தலாவ: எத்தனை நாளில் லீடர் ஆகலாம்?

பதுளைக்குச் சொன்னதுதான். இனி இந்தக் கேள்வியை எடுக்கமாட்டேன்.

அப்புத்தளை: புதியவர்களைக் கொழும்புக் கூட்டத்துக்குக் கூட்டிப் போகலாமா?

முதல் மாதம் வேண்டாம். பஸ் காசு, சாப்பாடு, போன நாளின் சம்பளம் எல்லாம் அவர்கள் தலையில் விழும். மேடையில் பேசுவதும் பாதி விளங்காது. சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு உங்கள் வீட்டிலேயே ஒரு மணித்தியாலம் உட்காருங்கள், யார் எதை விற்றார், எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றார் என்று கேளுங்கள். சாமான் அடுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.